கீழ்வரிசை மூன்றாம் காயில்

தேஜோன் நகரத்தில் உலகமே பேசும் பெரிய எந்திரம் ஒன்று இருக்கிறது. நான் சொல்லப்போவது அதைப் பற்றி அல்ல. அங்கிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவை ஒட்டினாற்போல், அதில் கால்வாசி அளவுக்கு இன்னொன்று இருக்கிறது. மந்திரிகள் வருவதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டுவதும் இல்லை. வாசல் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து உதிர்ந்து மூன்று வருடமாகிறது. அங்கே நான் பத்தொன்பது வருடமாகப் பதிவேடு எழுதுகிறேன். ஹா பில்சூன் பதினாறு வருடம் அதற்குக் கேபிள் மாட்டினாள்.

என்னைவிட ஏழு வயது மூத்தவள், அதனால் எனக்கு அக்கா. கும்சானில் ஜின்செங் பயிரிடும் குடும்பத்தில் நான்காவது பெண்ணாகப் பிறந்தவள். ஒரு கிழங்கு முற்றுவதற்கு ஆறு வருடம் காத்திருக்கிற பிழைப்பு தனக்கு ஒத்துவராது என்று பத்தொன்பது வயதில் சோங்ஜுவுக்கு ஓடி, ஸ்விட்ச் போர்டு செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அது மூடியபிறகு ஒப்பந்தக்காரர் மூலமாக எங்களிடம் வந்தாள். மணிக்கட்டுத் தடிமனில் இருக்கும் கேபிள்களைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாள் இதைத் தூக்குவாளா என்று மின்பிரிவு ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களாம். அக்கா தூக்கவில்லை. கேபிள் எந்தப் பக்கம் வளையப் பார்க்கிறதோ அந்தப் பக்கமாகவே நடத்திக்கொண்டு போய் முனையில் நிறுத்தினாள். ஒரே வாரத்தில் அந்தப் பேச்சு நின்றது.

கணவர் சாங்குக் டவுன் பஸ் ஓட்டுகிறார். ஒரே பெண் யுன்ஜே பூசானில் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள். அக்காவுக்கு இடது முழங்காலில் வலி உண்டு. வேலையில் ஒரு சொல் அதிகம் பேசமாட்டாள், வீட்டுக்குப் போகும் வழியில் என் காரில் ஏறினால் நிறுத்தமாட்டாள். ஒவ்வொரு வருடமும் சோதனைப் பருவம் தொடங்கும் நாளில் எந்திரத்தின் முன்னால் பன்றித்தலை வைத்துப் படைத்து, அரிசிக் கள் ஊற்றிக் கும்பிடுவது எங்கள் வழக்கம். ஐந்து கோடி டிகிரியைக் கணக்குப் போடுகிற டாக்டர்கள் வரிசையாக விழுந்து கும்பிடுவார்கள். அந்தத் தலையைச் சந்தையில் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அக்காவுடையது. வாய் சிரித்தாற்போல் இருக்கவேண்டும். எத்தனை கடை ஏறி இறங்கினாலும் சிரிக்காத தலையை அவள் வாங்கி வந்ததில்லை.

அந்த ஐந்து கோடியைப் பற்றி நானும் கொஞ்சம் சொல்லவேண்டும். கார் டயர் போல வளையமாக ஓர் எஃகுக் கூடு. காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு அதற்குள் துளியளவு ஹைட்ரஜன் விடுவார்கள். மொத்த எடை ஓர் உப்புக்கல்லுக்குச் சமம் இருக்கும். அதைச் சூடாக்குவார்கள். சூரியனின் நடுவயிறே ஒன்றரைக் கோடி டிகிரிதான், எங்கள் கூட்டுக்குள் அதைப்போல மூன்று மடங்கு. எந்தப் பாத்திரமும் அதைத் தாங்காது என்பதால் காந்தத்தால் அந்தரத்தில் பிடித்து வைப்பார்கள். காமிராத் திரையில் பார்த்தால் ஓரத்தில் மட்டும் ரோஜா நிறத்தில் ஒரு மெல்லிய ஒளி தெரியும். நடுவில் ஒன்றுமே தெரியாது, வெறும் இருட்டு. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை விட முடியாத அளவுக்கு அங்கே சூடு. நாம் பார்க்கும் ஒளி அதன் குளிர்ந்த ஓரம்தான். பத்தொன்பது வருடம் பார்த்தும் அந்த இருட்டைப் பார்க்கும்போது எனக்குக் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

அது நன்றாகச் சூடேறி, நன்றாக அடங்கி நிற்கும்போதுதான் தொல்லை தொடங்கும். விளிம்பில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். தாங்காத நொடியில் ஓரம் பிய்த்துக்கொண்டு வெடித்துச் சுவரில் சூட்டை அறையும். உடனே மறுபடி அழுத்தம் ஏறும், மறுபடி வெடிக்கும். குக்கரில் சோறு வேகும்போது மேலே இருக்கும் குண்டு துள்ளுவதைப் போல. நொடிக்குப் பதினைந்து, இருபது முறை. எங்கள் சின்ன எந்திரத்தின் சுவர் இதைத் தாங்கிவிடும். நாளைக்கு ஊருக்கு மின்சாரம் தரப்போகிற பெரிய எந்திரத்தின் சுவர் தாங்காது, கொஞ்ச நாளில் அந்தச் சூடு அதை அரித்துத் தின்றுவிடும். அதனால் விளிம்பை வெடிக்க விடாமல் மெல்லக் கசிய வைக்க வழி தேடினார்கள். சுவருக்கு உட்புறம் மேல், நடு, கீழ் என்று மூன்று வரிசையில் நான்கு நான்காகப் பன்னிரண்டு காயில்கள், அதாவது கம்பிச்சுருள்கள். ஒன்றில் மின்சாரம் இப்படிப் போகும், அடுத்ததில் அப்படிப் போகும். அந்த மாறுதலால் விளிம்பில் ஒரு சின்ன நெளிவு விழும். நெளிவு சரியாக விழுந்தால் வெடிப்பு நிற்கவேண்டும் என்பது கணக்கு.

எங்களிடம் அந்தக் கணக்கைக் கையில் வைத்திருந்தவர் டாக்டர் தாக் யோன்ஹோ. கங்னுங் கடற்கரைக்காரர். தொப்பை விழுந்த, நல்ல மனிதர். அவர்தான் கட்டுப்பாட்டு அறையில் ஒரு ஸ்பீக்கரை மாட்டினார். விளிம்பு வெடிக்கும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு தட்டல் கேட்கும். ஒரு தடவை சூடேற்றி அணைப்பதை ஷாட் என்போம். அது நடக்கும் பதினைந்து இருபது நொடியும் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரிச் சத்தம். நான்கு வருடமாக அந்தச் சத்தத்தை நிறுத்தப் பார்த்தார். ஒரு நொடி நிற்கும், ஒன்றரை நொடி நிற்கும். பிறகு ஆலங்கட்டி திரும்ப வந்துவிடும். அறையில் எல்லாரும் நாற்காலியைப் பின்னால் தள்ளி முதுகை நிமிர்த்துவார்கள். நான் பதிவேட்டில் நேரத்தைக் குறிப்பேன்.

எந்தக் காயிலில் மின்சாரம் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பது கீழ்த்தளத்தில் இருக்கும் பேனலில் தீர்மானமாகும். ஒரு காயிலுக்கு இரண்டு முனை, ஆக இருபத்து நான்கு கேபிள். தினமும் காலையில் டாக்டர் சீட்டு அனுப்புவார். ஒருவர் சீட்டைப் படிக்க, மற்றவர் முனையை விரலால் சுட்டிக் காட்டி, உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டு போல்ட்டை இறுக்குவார். ஏதாவது சரியில்லை என்று பட்டால் படிப்பவர் ‘நிறுத்து’ என்று சொல்லவேண்டும். படிப்பது குக் சங்மின், நாற்பது வயது, மூன்று பிள்ளைகளின் தகப்பன். இறுக்குவது அக்கா.

பேனலுக்கு ஒரு விதி உண்டு. தவறாக மாட்டியவர் பிறகு பேனலைத் தொடக்கூடாது. அந்த விதி வரக் காரணமே அக்காதான். எட்டு வருடம் முன்பு ஓர் ஆள் முனை மாற்றி மாட்டி, மின்வழங்கி எரிந்து, இரண்டு மாதம் எந்திரம் படுத்துவிட்டது. அவர் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுநாளே ஸ்பானரோடு வந்து நின்றார். அக்கா கூட்டத்தில் எழுந்து, இது பானையில் சோறு தீய்ந்துபோன சமாசாரம் இல்லை, உள்ளே ஆள் இருந்திருந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டாள். மின்பிரிவுத் தலைவர் மியோங் அதை விதியாகவே எழுதிவிட்டார். அந்த ஆள் உல்சானுக்கு வேறு வேலை தேடிப் போனார்.

போன கோடையில் பழுது பார்த்தபோது கீழ்வரிசை மூன்றாம் காயிலின் இரண்டு முனைகளும் உள்ளேயே இடம் மாறி வந்துவிட்டன. அதைச் சரிசெய்யக் கூட்டைத் திறக்கவேண்டும், திறந்து மூட மூன்று மாதம். அதற்குப் பதிலாக வெளியே வந்த கேபிளில் மஞ்சள் டேப் சுற்றினார்கள். மஞ்சள் டேப் என்றால் சீட்டில் இருப்பதற்குத் தலைமாற்றிப் போடு என்று அர்த்தம். அக்கா பருவம் முழுக்க அப்படித்தான் போட்டு வந்தாள்.

பிப்ரவரியில் பருவம் முடிய இரண்டே நாள் இருந்தது. அந்த வியாழக்கிழமை டாக்டர் தாக்குக்கு ஒதுக்கிய நாள், வெள்ளிக்கிழமையும் அவருக்குத்தான். காலையில் மூன்று ஷாட். தட்டல் ஓயவில்லை. நான்காவதில் காயில் மின்சாரத்தைக் கொஞ்சம் கூட்டச் சொன்னார். ஆலங்கட்டி வழக்கம்போலத் தொடங்கியது. ஆறாவது நொடியில் இடைவெளி விட்டது. பிறகு இரண்டு தட்டல். பிறகு ஒன்றும் இல்லை.

ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். திரையைப் பார்த்தேன். ரோஜா நிற ஓரம் அப்படியே இருக்கிறது. உள்ளே இருட்டு அப்படியே நிற்கிறது. வெப்பம் இறங்கவில்லை. அறையில் இருந்த முப்பது பேரும் ஸ்பீக்கரை நோக்கித் திரும்பினார்கள். ஐந்து கோடி டிகிரி, ஒரு கதவைத் தட்டக்கூட மனமில்லாமல், தூங்கும் குழந்தையின் வயிறு போலச் சமனாக இருந்தது. ஒன்பது நொடி. ஷாட் முடிந்து திரை கறுத்தபிறகும் டாக்டர் தாக் கையை மேசையிலிருந்து எடுக்கவில்லை. அதன்பிறகுதான் அறை கத்தியது.

மாலையில் எல்லாரும் கத்தியால் அறுத்த நூடுல்ஸ் தின்னப் போனோம். கீழே என்ன நடந்தது என்று குக் பிறகு எனக்குச் சொன்னார்.

அக்காவும் அவரும் கேபிள்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்களாம். கீழ்-மூன்றுக்கு வந்ததும் குக் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார்.

“அக்கா, காலைலயே சொல்லணும்னு நெனச்சேன்.”

“என்னத்த?”

“இன்னிக்குச் சீட்டு அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருந்துது. கீழ்-மூணு ஏற்கனவே திருத்தியாச்சுன்னு.”

டாக்டர் தாக் கவனக்காரர். முனை மாறியிருப்பது தெரிந்து, அன்று முதல்தடவையாகச் சீட்டிலேயே தலைமாற்றி எழுதிவிட்டார். அக்கா டேப்பைப் பார்த்து இன்னொரு முறை மாற்றிவிட்டாள். குழம்பில் வீட்டுக்காரியும் உப்புப் போட்டு, வீட்டுக்காரனும் போட்ட கதை. அன்றைய ஷாட் எல்லாவற்றிலும் பன்னிரண்டில் ஒரு காயில் கணக்குக்கு நேர் எதிராக ஓடியிருக்கிறது.

அக்கா சீட்டை வாங்கி, கண்ணாடியை மூக்கில் ஏற்றி, அந்த வரியை இரண்டு முறை படித்தாளாம்.

“படிச்சியே, ஏன் நிறுத்தல?”

“நீங்க டேப்னு சொன்னீங்க. பதினாறு வருஷமா நீங்க சொன்னது தப்பாப் போனதில்ல. நான் எந்த வாயால நிறுத்துன்னு சொல்றது.”

குக் தொடர்ந்தார். எந்திரத்துக்கு ஒரு கீறல் இல்லை, மேலே கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே இருக்கும் உணரிகளின் கணக்கு வெளிவர இரண்டு வாரம் ஆகும், அப்போது பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கும் இதே சீட்டுத்தான், இன்று போட்ட மாதிரியே போட்டுவிட்டால் மறுபடி ஒன்பது நொடி வரும், எல்லாருக்கும் சந்தோஷம். அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதுதான் அக்காவை உறுத்தியது என்று நினைக்கிறேன். நாளை ஒரு நாள் போனால் எந்திரத்தை அணைத்து எட்டு மாதம் குளிரவைத்துவிடுவார்கள். டாக்டர் தன் கணக்கு பலித்தது என்று உலகத்துக்கு எழுதுவார். எங்கேயோ வேறொரு எந்திரத்தில் யாரோ அந்தக் கணக்கை நம்பிக் காயில் மாட்டுவார்கள்.

அவள் சொன்னால் பேனல் போய்விடும். அந்த வயதில், அந்த முழங்காலோடு, அவளுக்கென்று இருந்த இடம் அது ஒன்றுதான். ஸ்விட்ச் போர்டு தொழிற்சாலையில் அவள் நூறில் ஒருத்தி. எங்கள் பேனலில் அவள் ஒருத்தி.

கடையில் தட்டுகள் வந்துவிட்டிருந்தன. டாக்டர் தாக் எல்லார் கோப்பையிலும் ஊற்றிக்கொண்டிருந்தார். கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்தாள், பின்னால் குக். செருப்பு அடுக்கும் தட்டின் அருகிலேயே நின்றுவிட்டாள். காலில் வேலைப் பூட்ஸ், முழங்காலுக்குக் கீழே வரை கயிறு கட்டியது. அதை அவிழ்த்து உள்ளே வருகிற எண்ணம் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்தது.

“உள்ள வாங்க மேஸ்திரியம்மா, உங்களுக்குத்தான் காத்திருக்கோம்” என்று டாக்டர் எழுந்தார்.

“நீங்க கொஞ்சம் இப்படி வாங்க, டாக்டர்.”

கையில் சாப்பிடும் குச்சிகளோடு அவர் போனார். என் இடம் கதவோரம். எனக்குக் கேட்டது.

“இன்னிக்குப் போட்ட கனெக்ஷன் உங்க சீட்டுல இருக்கறது இல்ல. கீழ்-மூணு தலைகீழா இருந்துது. நான்தான் போட்டேன்.”

அவர் சிரித்தபடியே இருந்தார், முகத்துக்கு மட்டும் இன்னும் செய்தி வந்து சேராத மாதிரி.

“எத்தன ஷாட்டுக்கு?”

“காலையிலேர்ந்து எல்லாத்துக்கும்.”

“அந்த ஒம்பது செகண்டுக்கு?”

“அதுக்கும்.”

குக் பின்னாலிருந்து, நான் படிச்சேன், சொல்லாம விட்டுட்டேன் என்றார். யாரும் அவரைப் பார்க்கவில்லை.

டாக்டர் தாக் திரும்பி வந்து உட்கார்ந்தார். எதிரில் இருந்த மெனுத் தாளைக் கவிழ்த்து, என்னிடம் பேனா வாங்கி, பன்னிரண்டு கட்டம் போட்டார். கூட்டல், கழித்தல் குறிகளை இட்டார். கீழ்வரிசை மூன்றாம் கட்டத்தில் இட்டதை அடித்துவிட்டு மாற்றினார். பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் பேச்சு ஒவ்வோர் ஆளாக நின்றது. நான்கு வருடக் கணக்கு. நூடுல்ஸ் குழம்பைக் குடித்து ஊதி, கிண்ணத்தை முட்டிக்கொண்டு நின்றது.

கடைசியில் தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். “இப்படிப் போட்டா நெளிவே விழக்கூடாதே.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது டாக்டர். நான் என்ன போட்டேன்னு மட்டும்தான் தெரியும்” என்றாள் அக்கா, நின்ற இடத்திலிருந்தே.

மியோங் எழுந்து அவளிடம் போனார். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறேன், அந்த மனிதர் குரல் உயர்த்திக் கேட்டதில்லை. எதுவும் எரியவில்லை, யாருக்கும் காயமில்லை, சீட்டு எழுதினவர் மேலும் பாதித் தப்பு இருக்கிறது, இதை எழுதித்தான் ஆகவேண்டும் என்று இல்லை என்றார்.

“அந்த மனுஷன் உல்சானுக்கு மூட்ட கட்டினப்ப நாம ரெண்டு பேரும்தான் வாசல்ல நின்னு பாத்தோம், தலைவரே” என்றாள். “தப்பா மாட்டினதுக்கு ஃபாரம் கொண்டு வந்திருக்கேன். கையெழுத்துப் போடுங்க.”

செருப்புத் தட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அன்று காரில் அக்கா பேசவில்லை. மறுநாள் காலை அவள் கணவர் சாங்குக் என்னிடம் சொன்னது, வீட்டில் சொன்னபோது அவர், சரி, இனிமேல் எண்ணெய் நாற்றம் இல்லாத கையால் சோறு கிடைக்கும் என்றாராம். சோறு ஆக்குவது நீங்கள்தானே என்று அக்கா கேட்டாளாம். அவ்வளவுதான் பேச்சு.

வெள்ளிக்கிழமை காலையில் பேனலில் குக் இறுக்கினார், வேறொருவர் படித்தார். டாக்டர் சொன்ன கணக்குப்படி, கீழ்-மூன்றும் சரியாக. அக்கா பேனல் அறைக்குள் நுழையக்கூடாது என்பதால், சந்தேகம் வந்தால் கேட்பதற்கு என்று அவளைக் கட்டுப்பாட்டு அறையில் என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மாட்டி முடித்ததும் ஆள்களை வெளியேற்றிப் பூட்டி, சைரன் ஊதி, பிறகுதான் ஷாட் விடுவோம். அந்த நேரத்தில் மின்பிரிவு ஆள்கள் பின்கட்டுக் காத்திருப்பு அறையில் இருப்பார்கள். அதனால் ஷாட் ஓடும்போது அவள் இந்த அறையில் இருந்தது அதுதான் முதல் தடவை. பெரிய அறைக்குள் வந்த உறவுக்காரி போல, கையை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தாள்.

முதல் ஷாட். ஆலங்கட்டி. இரண்டாவது, மின்சாரத்தைக் கூட்டி. ஆலங்கட்டி. மூன்றாவதில் இன்னும் கூட்டினார்கள், முக்கால் நொடி நின்றுவிட்டு முன்னைவிட வேகமாக வந்தது. டாக்டர் தாக்கின் சட்டை முதுகில் ஈரம் தெரிந்தது. நான்கு வருடம் அவர் நம்பிய கணக்கு, இத்தனை நாளாக அந்தச் சத்தத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு எழுந்து நின்று, நேற்று மேஸ்திரியம்மா போட்ட மாதிரி போடச் சொல்லுங்கள் என்றார். அது கணக்கில் இல்லாத இணைப்பு என்று யாரோ நினைவூட்டினார்கள். தெரியும் என்றார். கீழே குக் பயந்துபோய் போனில் அக்காவைக் கேட்டார். அவள் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கீழ்-மூன்று வந்தபோது மட்டும் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லி, இரண்டு தடவை கேட்டாள்.

சைரன் ஊதி அடங்கியது. திரையில் முதலில் ஒரு சிவந்த கலங்கல், பிறகு ஓரம் கூடி வந்து வட்டம் கட்டியது. நடுவில் அந்த இருட்டு திறந்தது.

“நடுவுல ஒண்ணும் இல்லையே” என்றாள் அக்கா என் காதில்.

“அங்கதான் அக்கா எல்லாம் இருக்கு.”

தட்டல் தொடங்கியது. ஐந்து நொடி. ஆறு. சத்தம் இளகியது, தூரத்துக்குப் போகிற மழையைப் போல. பிறகு நின்றது.

நேற்று கத்தியவர்கள் இன்று கத்தவில்லை. நேற்று நாங்கள் ஜெயித்ததாக நினைத்தோம். இன்று, யாரும் கேட்காத, எந்தக் கணக்கும் வரச் சொல்லாத ஒன்று தானாக வந்து எங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தது. பத்து நொடி. பதினொன்று. நான் கண்டுபிடித்தேன் என்று சொல்ல ஆள் இல்லை. இரண்டு பேர் கவனமாக இருந்ததால் நேர்ந்த பிழைக்குள் அது இத்தனை நாளும் காத்திருந்ததா, யாராவது தவறட்டும் என்று. பேனாவைத் தாளில் வைத்தபடி எழுத மறந்துபோனேன். பக்கத்தில் பார்த்தேன். அக்கா கோத்த கையைப் பிரித்து, நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் பிடித்திருந்தாள், பஸ் திருப்பத்தில் போகும்போது பிடிப்பது போல. நேற்றுவரை அவள் கைபட்ட கம்பிகளின் வழியாகத்தான் அந்த அமைதி போய்க்கொண்டிருந்தது. அதை அவளும் நினைத்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

பதினான்கு நொடி. திட்டமிட்ட நேரம் முடிந்து அதுவாக அணைந்தது.

டாக்டர் தாக் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார், அந்த ஈரச் சட்டையில் துடைத்ததால் இன்னும் கலங்கியது. பெருமையோ வெட்கமோ அந்த முகத்தில் இல்லை. குழந்தை பிறந்த அறையிலிருந்து வெளியே வந்த ஆண்பிள்ளை போல இருந்தார்.

“ஏன்னு தெரியல” என்றார் எல்லாருக்கும் பொதுவாக. “சத்தியமா எனக்குத் தெரியல.”

மாலைக்குள் இன்னும் இரண்டு முறை விட்டார்கள். இரண்டு முறையும் அடங்கியது. ஆறு மணிக்கு எந்திரத்தை மூடினார்கள்.

விதி விதிதான். அக்காவைக் குளிர்நீர்ப் பிரிவுக்கு மாற்றினார்கள். பேனல் சாவியைக் குக்கிடம் கொடுக்கும்போது அவர் வாங்கமாட்டேன் என்று பின்வாங்கினார். அக்கா அதை அவர் சட்டைப் பையில் போட்டாள்.

“உன் பக்கத்துல நின்னு படிக்கறவனுக்கு வாய் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் ஸ்பானர எடு. நான் பாக்காம விட்டுட்டேன்” என்றாள்.

குளிர்நீர்ப் பிரிவு கட்டடத்தின் பின்பக்கத்தில் இருக்கிறது. பம்புகள், வடிகட்டிகள், எப்போதும் ஈரத் தரை. முழங்காலுக்கு நல்லதில்லை. அங்கே இருப்பவர்கள் அவளைவிட வயதில் இளையவர்கள், முதல் வாரம் அவளுக்கு வால்வு திறக்கக்கூடக் கற்றுக்கொடுக்கவேண்டியிருந்தது. காரில் வரும்போது, தண்ணீருக்குக் கூட்டலும் இல்லை கழித்தலும் இல்லை, தப்பாகத் திறந்தால் பூட்ஸ் நனையும், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். பேனலைப் பற்றிப் பேசவில்லை. ஒரு நாள் மட்டும், குக் கீழ்-நான்கின் போல்ட்டை அதிகமாக இறுக்குகிறானாம், கேள்விப்பட்டேன் என்றாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து உணரிகளின் கணக்கு வந்தது. ஒரு படிவத்தில் அவள் கையெழுத்து வேண்டியிருந்ததால் நான் குளிர்நீர்ப் பிரிவுக்குப் போயிருந்தேன். டாக்டர் தாக் எனக்கு முன்பே அங்கே இருந்தார். கையில் சுருட்டிய தாள். அக்கா ஒரு பம்பின் அடிப்பக்கம் படுத்து வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் குந்தி உட்கார்ந்து அவளுக்கு டார்ச் அடித்துக்கொண்டிருந்தார், ஓரம் தண்ணீரில் படாதபடி தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு.

அவள் சொன்ன இணைப்புத்தான் உள்ளே ஓடியிருக்கிறது, ஒரு புள்ளி பிசகவில்லை என்று அவர் சொன்னார். வெளிநாடுகளிலிருந்து மூன்று ஆய்வுக்கூடத்துக்காரர்கள் கடிதம் எழுதியிருக்கிறார்கள், அவர்களும் அப்படிப் போட்டுப் பார்க்கப்போகிறார்களாம். வெளியிடப்போகும் கட்டுரையில் இது எப்படி நேர்ந்தது என்பதை உள்ளபடியே எழுதியிருக்கிறார். யார் எந்த முனையை ஏன் மாற்றினார்கள் என்பது வரை.

வடிகட்டி கழன்று ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது. அக்கா எழுந்து உட்கார்ந்து கையைத் துடைத்தாள்.

“இப்பவாவது ஏன்னு தெரிஞ்சுதா டாக்டர்?”

“இல்ல” என்றார். “ஆறு பேர் கணக்குப் போடறோம். ஆறும் ஆறு விதமா வருது.”

அவள் அவரிடமிருந்து டார்ச்சை வாங்கி அணைத்தாள்.

“தெரிஞ்சா வந்து சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்.”